தாம்பூலப் பைக்குப் பக்கத்தில் வாங்கிய கையெழுத்து

நவராத்திரிக்கு, எங்கள் அபார்ட்மென்டுக்கு எதிரே ஏரிக்கரையில் இருக்கும் பெரிய வீடுகளில் ஒன்றுக்குக் கொலு பார்க்கப் போனேன். அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் கேட்டி என்கிற ஊரில், எங்கள் பக்கத்துத் தமிழர்கள் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள். கிளம்பும்போது வாசலருகே தாம்பூலப் பைகள். பக்கத்தில் சில தாள்களும் ஒரு பேனாவும்.

"ஒரு சைன் மட்டும் போட்டுட்டுப் போங்க. ஸ்கூல் விஷயம், எல்லாரும் போட்டுட்டாங்க," என்றார் வீட்டுக்காரம்மா, என் நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டே.

குங்குமம் வைக்கிற கையை நிறுத்தி, என்ன விஷயம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் தமிழ் வழியில் பத்தாவது படித்தவள். பின்னால் ஐந்து பேர் நிற்க, இரண்டு பக்க ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படிக்க வெட்கம். போட்டுவிட்டேன்.

அந்த வாரம் ஏழாவது படிக்கும் என் மகளுக்கு ஒரு ப்ராஜெக்ட். அமெரிக்காவில் பொதுப் பள்ளிகள் எப்படி வளர்ந்தன என்று எழுத வேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளி என்றுதான் ஆரம்பித்தார்களாம். ஆனால் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி, வெள்ளைப் பிள்ளைகள் கிழித்துப் போட்ட புத்தகங்கள். அது கூடாது என்று கோர்ட் சொன்னது.

"தென் தே ஜஸ்ட் ட்ரூ லைன்ஸ், அம்மா," என்றாள். அப்புறம் வெறும் கோடு கிழித்தே பிரித்துவிட்டார்களாம். வசதியானவர்கள் வேறு பக்கம் வீடு மாறினார்கள், யார் எந்தப் பள்ளி என்கிற கோடும் அவர்கள் பின்னாலேயே போனது என்று மேப்பில் விரல் வைத்துக் காட்டினாள்.

இரண்டு நாள் கழித்து அந்தத் தாள்கள் வாட்ஸப் குழுவில் வந்தன. மகளைப் படிக்கச் சொன்னேன். பாதியில் நிறுத்தினாள்.

"அம்மா, இட்ஸ் அஸ். நம்மளத்தான் சொல்றாங்க."

பள்ளியில் இடமில்லை, அபார்ட்மென்ட் பிள்ளைகளை ஃப்ரீவேக்கு அந்தப் பக்கம் உள்ள பள்ளிக்கு மாற்றுங்கள், அவர்களால் பள்ளியின் மதிப்பெண் இறங்குகிறது என்று எழுதியிருந்தது. பதினான்காவது கையெழுத்து என்னுடையது.

எப்போதும் ஃபோன் பண்ணத் தயங்குகிற நான் வீட்டுக்காரம்மாவுக்கு உடனே பண்ணினேன்.

"ஐயோ, உங்களச் சொல்லலைங்க! நீங்க நம்ம ஆளு. அங்க மத்தவங்க இருக்காங்கல்ல..."

"என் பொண்ணும் அதே அபார்ட்மென்ட்தாங்க."

"ரெண்டு வருஷத்துல நீங்களும் வீடு வாங்கிடுவீங்க, விடுங்க."

"என் பேரை எடுத்துடுங்க."

"ஸ்கூல் போர்டுல சப்மிட் பண்ணியாச்சே. ஒருத்தருக்காக எப்படிங்க மாத்துறது?"

ஆபீசில் நிறம் பார்க்கிறார்கள் என்று பார்ட்டிக்குப் பார்ட்டி புலம்புகிறவர்கள் இவர்கள். என் மகள் மேப்பில் காட்டிய அதே கோட்டை, சுண்டல் கொடுத்து, குங்குமம் வைத்து, என் கையாலேயே போட வைத்துவிட்டார்கள். படிக்காமல் பேனாவை எடுத்த என் மேலும் ஆத்திரம் அடங்கவில்லை.

பள்ளி போர்டு கூட்டத்தில் பேசப் பெயர் கொடுத்தேன். மகள் எழுதித் தந்த நாலு வரியை மைக்கில் படித்தேன். பதினான்காவது பெயர் என்னுடையது. படிக்காமல் போட்டேன். நீங்கள் மாற்றப்போகும் பிள்ளைகளில் ஒருத்தி இதோ உட்கார்ந்திருக்கிறாள். என் பெயரை அடித்துவிடுங்கள்.

பெயரை நீக்கினார்கள். முடிவு அடுத்த மாதம் என்றார்கள்.

வெளியே பார்க்கிங்கில் வீட்டுக்காரம்மா வழி மறித்தார். "தனியாச் சொல்லியிருக்கலாமே. எல்லார் முன்னாடியும் இப்படியா?"

"நீங்களும் எல்லார் முன்னாடியும்தானேங்க கேட்டீங்க," என்றேன்.