சும்மா வாங்க மாட்டன் என்ற மனிதர்

அறுபதுகளின் தொடக்கத்தில் புளியந்தீவில் ஒரு பெண்கள் பாடசாலையில் தையல் ரீச்சராக இருந்தேன். நானும் அம்மாவும் குடியிருந்தது வாவிக்கரையில் ஒரு சின்ன வீட்டில். வேலிக்கு அடுத்த பக்கம் ஒரு மீன்பிடிக்காரர், எழுபது தாண்டியவர், விதவையான மகளோடு இருந்தார். உறவு ஒன்றும் இல்லை, ஆனாலும் நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

ஊரில் அவருக்கு நல்ல பெயர் கிடையாது. கோயிலுக்கு வராத மனிதர், வாயைத் திறந்தால் காரம். உண்மையில் அவரும் எங்கள் மெதடிஸ்த சபையில் ஞானஸ்நானம் பெற்றவர்தான். மனைவி செத்த அன்று, ஞாயிற்றுக்கிழமைகளில் தோணியோடு போகிறவன் வீட்டுச் சாவுக்கு மணி அடிக்க முடியாது என்று சபைப் பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டாராம். மணி இல்லாமலே அடக்கம் நடந்தது. அன்றைக்கு, "இனி இந்த வாசல மிதிச்சா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடாதைங்க" என்று கத்திவிட்டு வந்தவர் இருபது வருடம் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை. நானாக இருந்தால் இன்னும் பெரிதாகக் கத்தியிருப்பேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அயல்வீட்டிலிருந்து கறியோ பலகாரமோ வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கமாட்டோம். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி அரிசியாவது போட்டுக் கொடுப்போம். எல்லோருக்கும் அது வழக்கம், அவருக்கோ மானப் பிரச்சினை. நாலு தோசை கொடுத்தால் நாற்பது இறால் வரும்.

அந்த வருடம் மழை தொடங்கிய நேரம் அவருக்குக் கால் இரண்டும் வீங்கி, மூச்சும் முட்டத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும். அன்று தொடக்கம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பச்சை விளிம்பு போட்ட எனாமல் கிண்ணத்தில் நான் கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பேன். மறுநாள் காலையில் மகள் கிண்ணத்தைக் கழுவி, ஏதாவது போட்டுக் கொண்டுவருவாள். முருங்கையிலை, பிழிந்து குடிக்க இரண்டு தேசிக்காய், ஒருநாள் ஒரேயொரு செவ்வரத்தம்பூ.

ஒருநாள் கஞ்சியைக் குடித்துக்கொண்டே முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார்.

"என்னகா, உங்கட ஆண்டவர் இன்னும் எனக்கு மேல கோவமாத்தான் இருப்பாரோ?"

இந்த மனிதர் இப்படிக் கேட்பார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. கோபம் இல்லை மாமா, இரட்சிப்பு என்பது அவர் சும்மா தருகிற ஈவு, கையை நீட்டி வாங்கினால் போதும் என்றேன். கிண்ணத்தை டக்கென்று கீழே வைத்தார்.

"சும்மாவோ? நான் ஆரிட்டயும் சும்மா வாங்கினதில்ல. வாங்கவும் மாட்டன். நான் எழும்பி நடக்கட்டும். கோயில் வேலி விழுந்து கிடக்காமே, அத அடைச்சுக் குடுத்துப்போட்டு மறுகா கேக்கிறன்."

அவர் இனி எழும்பப்போவதில்லை என்று இருவருக்கும் தெரியும். அந்த ஆசையோடேயே, கை நீட்டாமலே செத்துப்போவாரே என்று எனக்குப் பயம் பிடித்தது. தினமும் போய் வாதாடினேன். அவர் அசையவில்லை.

அதற்குள் என் வாய் சும்மா இருக்கவில்லை. ஒரு காலை மகள் கிண்ணத்தை வெறுமையாகக் கொண்டுவந்தாள். இரவு முழுக்க அவருக்கு மூச்சு இழுத்ததில் பாவம் அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. நான் பகிடியாகச் சொன்னேன்: "என்ன, இண்டைக்கு வெறுங்கிண்ணமோ!" அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். அதை அவள் போய் அப்பாவிடமும் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் கிண்ணம் கனத்தது. உள்ளே பார்த்தால் ஈயக்குண்டுகள். வீச்சுவலையின் ஓரத்தில் கட்டியிருக்குமே, அவைதான். படுத்த படுக்கையாகவே கத்தியை வாங்கித் தன் வலையிலிருந்து ஒவ்வொன்றாக அறுத்தெடுத்திருக்கிறார். வேறு கொடுக்க வீட்டில் ஒன்றும் இல்லை என்றாராம்.

அந்தக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஈவு, ஈவு என்று அந்த மனிதருக்குப் பிரசங்கம் செய்தவள் நான். ஒரு நாள் கிண்ணம் வெறுமையாக வந்ததற்கு வாயைத் திறந்தவளும் நான்தான். என் வாயில் மண் விழ!

அன்று பள்ளிக்கூடம் போகவில்லை. நேரே அவரிடம் போய், மன்னிச்சுக்கொள்ளுங்க மாமா, தெரியாமல் சொல்லிப்போட்டன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ மட்டும் என்னவாம்? நான் றால் தந்தா அடுத்த நாளே முட்டை அனுப்புவாய். நீயும் சும்மா வாங்கினதில்லகா. மறுகா எனக்கு வந்து படிப்பிக்கிறாய்."

ஓம் மாமா, எனக்கும் வாங்கத் தெரியாது என்று மட்டும் சொன்னேன். இருமி இருமிச் சிரித்தார். பிறகு குண்டு அறுத்த வலையைக் கையால் தடவினார். கடைசியில், "அந்தப் புதுப் போதகர வரச் சொல்லு" என்றார்.

பின்நேரம் போதகர் ஐயா வந்தார். மாற்றலாகி வந்து சில மாதமே ஆன இளம் ஆள். அவரோடு கூடவே சபைப் பெரியவரும் வந்தார், அன்றைக்கு மணி அடிக்கவிடாத அதே மனிதர். வாசலில் நின்றபடியே, இருபது வருடம் ஆண்டவரைத் தூஷித்த ஆளுக்கு உடனே திருவிருந்து அப்பம் கொடுக்க முடியாது, முதலில் ஒரு ஞாயிறு சபைக்கு முன்னால் எழும்பி நின்று மன்னிப்புக் கேட்கட்டும் என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்தக் காலைப் பாருங்கள் ஐயா, எந்தக் காலால் எழும்பி நிற்பது என்று கேட்டுவிட்டேன். அம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து என்னை அதட்டினாள்.

மாமா மகளைப் பிடித்துக்கொண்டு எழும்பி உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது, ஆனால் பெரியவரிடம் பேசிய குரல் அந்தப் பழைய குரல்தான்.

"உன்னட்ட நான் ஒண்டும் கேக்கல்ல. ஆண்டவரிட்டத்தான் கேக்கிறன். எனக்கிட்டக் குடுக்க ஒண்டுமில்ல, வலையையும் அறுத்துப்போட்டன். வெறுங்கைதான். சும்மா தாறன் எண்டு அவர் சொன்னா நான் வாங்குவன். குடுக்க ஒண்ணா எண்டு சொல்ல நீ ஆரு?"

போதகர் ஐயா பெரியவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. கட்டிலருகில் முழங்காலில் நின்று அப்பத்தைப் பிட்டார். வலை இழுத்துக் காய்த்துப்போன அந்த இரண்டு கைகளும் ஒன்றுசேர்ந்து விரிந்தன. அதை வாங்கும்போது அவர் அழவில்லை, தலையையும் குனியவில்லை. பெரியவர் முற்றத்துக்குப் போய் நின்றுகொண்டார்.

வழக்கம்போலக் கஞ்சி கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை மகள் கிண்ணத்தோடு வந்து, முகம் சிவக்க வேலியோரம் நின்றாள். கிண்ணம் பளிச்சென்று கழுவியிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"கோவிச்சுக்கொள்ளாதைங்க ரீச்சர். நான் ஒரு தேசிக்காய் போட்டனான். அப்பா எடுத்து வெளிய எறிஞ்சுபோட்டார். ஒண்டும் போடாமக் குடு, அவளும் பழகட்டும் எண்டார்."

இரண்டு கையாலும் வாங்கினேன். மூன்றாம் நாள் அவர் போய்விட்டார். அந்த முறை மணி அடித்தது. கயிற்றை இழுத்தவர் போதகர் ஐயாவேதான்.

இருபது வருடம் திட்டிவிட்டு இரண்டு நாளில் மோட்சமா என்று அன்றும் கேட்டார்கள், இதைச் சொன்னால் இன்றும் கேட்கிறார்கள். ஓம், அப்படித்தான். உங்கள் வீட்டு அரிசியையா எடுத்துக் கொடுத்தார்கள், உங்களுக்கு ஏன் நோகிறது என்று திருப்பிக் கேட்பேன். எனக்கும் வயது அவருடைய வயதுக்குக் கிட்ட வந்துவிட்டது, ஆண்டவரின் கிண்ணத்தில் போட நானும் ஏதேதோ தேடிக்கொண்டிருக்கிறேன். தேடிக் களைக்கும்போதெல்லாம் அவர் எறிந்த அந்தத் தேசிக்காய் நினைவுக்கு வருகிறது, நான் கையை விரித்துக்கொள்கிறேன்.