மைக் டீச்சரின் ரகசியக் குரல்

“மூக்கு எங்க?” என்று டீச்சர் கேட்டால், தேவாலய மதிலுக்கு வெளியே பஸ்ஸுக்கு நிற்பவர்கள்கூட மூக்கைத் தொட்டுக்கொள்கிறார்கள். எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நான் தினமும் பார்க்கிறேன். உள்ளே பாலர் பள்ளியில் பிஞ்சு விரல்களெல்லாம் மூக்குக்குப் போகும் அதே நொடியில், வெளியே பெட்டியோடு நிற்கும் மருந்துக் கம்பெனிக்காரரின் விரலும் போகிறது. “வயிறு எங்க?” என்றதும் அவர் சுதாரித்துக்கொண்டு, பசிக்கிறவர் மாதிரி வயிற்றைத் தடவி ஒப்பேற்றுகிறார். டீச்சருக்கு மைக் டீச்சர் என்று பெயர் வந்ததில் என்ன ஆச்சரியம்? தேவாலயத்துக்கு மைக் வருவதற்கு முன்பே வந்தவர் அவர். மைக் வந்த பிறகும் அதன் பக்கம் போனதில்லை.

ஆள் என்னவோ ஐந்தடிக்கும் குறைவு. உலகத்தில் எல்லாருக்கும் நாலு வயது என்பது அவருடைய நினைப்பு. வங்கியில் வரிசை கலைந்தபோது, “ஒருத்தர் தோள்ல ஒருத்தர் கை வைங்க, ரயில் கிளம்பப் போவுது” என்றார். மேலாளர் உட்பட எல்லாரும் வைத்தார்கள். வீட்டில் அவர் கணவர், மின்வாரியத்தில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், சாப்பிட்டு முடித்ததும் தட்டைச் சாய்த்துக் காட்டிவிட்டுத்தான் எழுந்திருக்கிறார். மறந்துவிட்டால், “டீச்சர் பாக்கலையே” என்று ஒரு குரல் வருகிறது. மனிதர் மறுபடி உட்காருகிறார்.

ஆண்டு மலருக்குப் பள்ளியின் வரலாற்றை எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள். நான் அங்கே படித்தவன், இப்போது என் மகளும் படிக்கிறாள், கடையும் எதிரே இருக்கிறது, தகுதி போதுமாம். பேனாவும் கையுமாகப் போய், “எந்த வருஷம் ஆரம்பிச்சீங்க டீச்சர்?” என்று கேட்டேன்.

“வருஷமெல்லாம் யாருக்குடா தெரியும்? உங்க அண்ணன் பாசிமணிய முழுங்கினான்ல, அதுக்கு முந்தின வருஷம்.”

அண்ணனுக்கு இப்போது முழு வழுக்கை. அந்தப் பாசிமணி என்ன ஆயிற்று என்று எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் வாய் திறந்ததில்லை.

கதை இதுதான். அப்போது டீச்சர் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்த இளம்பெண். பழைய போதகரின் பிரசங்கம் நீளமானது. பிள்ளைகளின் அழுகை அதைவிட நீளமானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அழுகை கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும்போது, போதகர் பேச்சை நிறுத்திவிட்டுப் பாடகர் குழுவைப் பார்த்துக் கையை நீட்டினார். டீச்சர் எழுந்தார். இடுப்பில் ஒன்று, கைக்கு ஒன்று, பின்னால் ஒரு படை என்று அத்தனை பிள்ளைகளையும் பக்கத்து அறைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

“முடிஞ்சதும் பாஸ்டர் வந்து, ‘நான் தண்ணிதாம்மா கேட்டேன்’னாரு. எனக்கு மானமே போச்சு. ஆனா அடுத்த வாரம் அவரே அந்தக் கதவத் தொறந்து வச்சிட்டு நின்னாரு.”

மறுநாள் திங்கட்கிழமை பள்ளி பிறந்தது. டைப்பிஸ்ட் வேலைக்கான நேர்காணலுக்குப் போய்க்கொண்டிருந்த டீச்சர், தேவாலய வாசலில் என் அண்ணன் தனியாக நிற்பதைப் பார்த்தார். ஞாயிறு முடிந்துபோனதை அவனிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. வீட்டுக்குத் தெரியாமல் நழுவி வந்திருந்தான். “உங்கம்மா தேடி வர்ற வரைக்கும் ஒரு பாட்டு சொல்லித் தரலாம்னு உக்காந்தேன். உக்காந்தவதான்.” தேடி வந்த அம்மா அவனை அங்கேயே விட்டுவிட்டு நிம்மதியாக வீடு திரும்பினாள். செவ்வாயன்று பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் சேர்த்து அனுப்பினாள். அந்த டைப்பிஸ்ட் வேலை யாருக்குக் கிடைத்ததோ, மகராசி நன்றாக இருக்கட்டும்.

இத்தனை வருஷம் ஓடிய பள்ளிக்கு இந்த மாதம் ஆபத்து வந்தது. இப்போதைய போதகர் இளைஞர், சாது, ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காதவர். ஆனால் அவர் பிரசங்கம் எழுதும் அறைக்கும் பள்ளிக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். “‘அன்பானவர்களே’ன்னு எழுதினா அடுத்த வார்த்தை ‘யானை’ன்னு வந்து விழுது டீச்சர்” என்றார், அழாத குறையாக. பள்ளியை அங்கிருந்து மாற்ற வேண்டும் என்று கேட்டார். மாற்ற வேறு அறை கிடையாது. அறை போனால் பள்ளியை மூட வேண்டியதுதான். சனிக்கிழமை கமிட்டி கூடி முடிவெடுப்பதாகப் பேச்சு.

“அது வரைக்கும் டயம் குடுங்க பாஸ்டர். பள்ளிக்கூடம் இருக்கறதே உங்களுக்குத் தெரியாது” என்று டீச்சர் வாக்குக் கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் கடைக்கு வந்தவர் கண்ணாடி எதையும் பார்க்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, “மூடிட்டா காலைல எழுந்து நான் எங்கடா போவேன்? எனக்குப் பெரியவங்களோட பேசவே தெரியாதேடா” என்றார். அந்தக் குரல் அவ்வளவு சின்னதாக வந்து நான் கேட்டதே இல்லை.

திங்கள் முதல் பள்ளி ரகசியக் குரலில் நடந்தது. பாட்டு ரகசியம், எண்ணிக்கை ரகசியம், ஜெபம் பரம ரகசியம். “சிங்கம் எப்படிக் கத்தும்?” என்று டீச்சர் காற்றாகக் கேட்க, அத்தனை சிங்கங்களும் வாயை மட்டும் திறந்து மூடின. ஒரு பொடியன் தடுக்கி விழுந்து, வாயைப் பிளந்து, சத்தமே இல்லாமல் அழுதான். வாழ்நாளில் இப்படியொரு விளையாட்டு கிடைத்ததில்லை என்று பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டிலும் தொடர்ந்தார்கள். என் மகள் மூன்று நாள் குசுகுசுவென்றே பேசியதில், என் மனைவி பயந்துபோய் அவள் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். “ஷ்ஷ், பாஸ்டர் அங்கிள் எழுதுறாங்க” என்றாள் மகள், வாயைத் திறந்தபடியே. பஸ் நிறுத்தத்தில் மருந்துக் கம்பெனிக்காரர் என்னிடம் வந்து, “ஸ்கூல் லீவா சார்?” என்று விசாரித்தார். மூக்கைத் தொடாமல் அவருக்கும் என்னவோ போல் இருந்திருக்கும்.

டீச்சர்தான் படாத பாடு பட்டார். கழுத்து நரம்பு புடைக்க, உள்ளே ஒரு ரயிலை அடக்கிக்கொண்டு காற்றாகப் பேசிப் பேசி, வியாழக்கிழமை தொண்டை சுத்தமாகப் படுத்துவிட்டது. அன்று மகளைக் கூட்டிவரப் போனவன் ஜன்னலோரம் நின்று பார்த்தேன். டீச்சர் வாயை அசைக்கிறார், ஒன்றும் வரவில்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்போது என் சீமந்தபுத்திரி, யாரைக் கேட்டுக்கொண்டு செய்தாளோ, ஒரு நாற்காலியில் ஏறி இடுப்பில் கை வைத்து, அச்சு அசல் மைக் டீச்சரின் குரலில், “எல்லாரும் இங்க பாருங்க. மூக்கு எங்க?” என்றாள்.

அவ்வளவுதான். நாலு நாள் அடைத்து வைத்த சத்தம் மொத்தமும் மடை திறந்தது. சிங்கங்கள் பாக்கி வைத்த கர்ஜனையை எல்லாம் தீர்த்தன. டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருக்கிற இரண்டு கையால் எத்தனை வாயைப் பொத்துவது? ஒன்றைப் பொத்தினால் பத்து திறக்கிறது. போச்சு, எல்லாம் போச்சு என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது.

கதவு திறந்தது. போதகர்.

சத்தம் கேட்டு வந்தவராக இருந்தால் வந்து சேரச் சற்று நேரம் ஆகியிருக்கும். இவர் அடுத்த நொடியே வந்து நின்றார். கையில் பேனா, வெள்ளைத் தாள், முகத்தில் கலவரம். வலது காது முழுக்கச் சுண்ணாம்பு.

“லேட்டா வந்தவங்க பின்னாடி உக்காருங்க” என்றாள் என் மகள்.

போதகர் போய்ப் பின்னாடி உட்கார்ந்தார். நாற்காலி முழங்கால் உயரம்கூட இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். “சத்தம் இருந்தப்போ கோவப்பட்டுக்கிட்டாவது நாலு வரி எழுதினேன் டீச்சர். இப்ப ஒரு வரி ஓடல. இத்தனை பிள்ளைங்க சத்தமே இல்லாம என்னதான் செய்யுதுங்கன்னு மூணு நாளா சுவத்துல காத வச்சிட்டு நிக்கிறேன். பயமா இருக்கு. கமிட்டில நான் பேசிக்கறேன், அறை உங்களுக்குத்தான். நீங்க பழையபடி கத்துங்க.”

டீச்சர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. கண் மட்டும் நிறைந்துவிட்டது. நேரே நடந்து போய்ப் போதகரின் மோவாயைப் பிடித்து ஒரு பக்கமாகத் திருப்பினார். சேலைத் தலைப்பின் நுனியை நாக்கில் ஒற்றி ஈரமாக்கி, அவர் காதிலிருந்த சுண்ணாம்பை அழுத்தித் துடைக்க ஆரம்பித்தார்.