என் வீட்டு இலக்கத்தைத் தேடிய நாள்

சுனாமி வீட்டுத்திட்டத்தின் காகிதங்களையெல்லாம் இணையத்தில் போட்டிருக்கிறார்கள், யாரும் தேடிப் பார்க்கலாம் என்று கேள்விப்பட்டுத்தான் கல்முனைக்குப் போனேன். யுத்தம் முடிந்திருந்த நேரம். இணையம் பார்க்கும் கம்யூனிகேஷன் கடையில் மூன்று நாள் இருந்து, என் முழுப் பெயர், சுனாமியில் இறந்து மௌத்தான என் கணவரின் பெயர், ஊர், தெரு எல்லாவற்றையும் ஒரே வரியில் அடித்தேன். ஒன்றும் வரவில்லை. பாழாய்ப்போன பெட்டி என்று கம்ப்யூட்டரை ஏசினேன். என் கூடப்பிறந்த அண்ணன், என் காக்காவை ஏச எனக்குத் தோன்றவேயில்லை.

எப்படித் தோன்றும்? எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்தால்தான் கல்யாணம். சவூதி வெயிலில் காய்ந்து, தன் கல்யாணத்தையும் தள்ளிப்போட்டு, கடற்கரையில் எனக்குக் கல்வீடு கட்டித் தந்தவர் என் காக்கா. அந்த வீட்டையும் கட்டிய மாப்பிள்ளையையும் ஒரே காலையில் கடல் கொண்டுபோனது. புருஷனை இழந்தவள் இருக்கவேண்டிய இத்தாவை நாலு மாதமும் பத்து நாளும் இருந்தேன். வெளியே போக முடியாது, அந்நிய ஆண்கள் முன்னால் வர முடியாது. எனக்காக வீடு கேட்டு அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியவரும் அவர்தான்.

"உன்ட பேர் பட்டியல்ல வரல்ல தங்கச்சி. நான் என்ன செய்ய?" என்று கண்கலங்கிச் சொன்னார். நம்பினேன். வாடகை அறையில் கிடந்தோம் நானும் மகளும். அவளுக்கு வயது ஏறிக்கொண்டே போனது. வீடில்லாத பிள்ளையைக் கேட்டு யார் வருவார்கள்?

நாலாம் நாள், கடையில் வேலை செய்த பெண் பொறுக்கமாட்டாமல் என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"ராத்தா, இப்பிடி முழுக் கதையையும் அடிச்சா அது எதத்தான் தேடும்? பழைய வீட்டு நம்பர் ஞாபகம் இரிக்கா?"

"ஓம்."

"அதையும் தெருவையும் மட்டும் போடுங்க. இஞ்ச பாருங்க, 'வீடு கிடைத்தவர்கள்' எண்ட பட்டியலுக்குள்ள மட்டும்தான் இவ்வளவு நாளும் தேடியிரிக்கீங்க. எல்லாக் காகிதத்திலயும் தேடணும்."

ஒரேயொரு விண்ணப்பம் வந்தது. கடல் கொண்டுபோன எங்கள் வீட்டு இலக்கம். உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர். அதற்கு நேரே 'மரணம்'. வீடு கோருபவர் காக்காவின் மூத்த மகள். கீழே காக்காவின் கையெழுத்து.

யா அல்லாஹ்! அந்த மகள் இப்போது இருக்கும் திட்டத்து வீட்டைக் காசு கொடுத்து வாங்கியதாகச் சொல்லித்தானே அவளைக் கட்டிக்கொடுத்தார்? அவள் குடிபோன அன்று விடிய எழும்பிப் பலகாரம் சுட்டவள் நான்.

அச்செடுத்த தாளோடு நேரே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் தாளைக் கையில்கூட வாங்கவில்லை.

"உனக்கு ஒரு ஊடு கட்டித் தந்தன்தானே? கடல் எடுத்ததுக்கு நானா பொறுப்பு? எனக்கும் மூணு பொம்புளப் புள்ளையள் இரிக்கி."

"அதுக்கு என்னை மௌத்தாக்கினீங்களா, காக்கா?"

"எழுத்துலதானே தங்கச்சி. நீ உசிரோடதானே இரிக்காய்."

தாளை அவர் முன்னால் வைத்தேன்.

"எழுதினது எழுதினதாகவே இரிக்கட்டும், காக்கா. உங்களுக்கு நான் மௌத்துதான்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.