ஆடாமல் தோற்ற ஃபைனல்

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியின் கால்பந்து கோச். அவர் வருவதற்கு முன் அந்த அணி வெளியூர் போனால் கோல் வாங்கிக்கொண்டு திரும்புவதே வழக்கம். அவர் வந்த பிறகு கோப்பை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். பெரிய கோப்பைகளைக் கல்லூரி எடுத்துக்கொள்ளும். சின்னவை எங்கள் வீட்டுக்கு வரும். அதில் ஒன்றில் அம்மா கரண்டிகளைப் போட்டு வைத்திருந்தாள்.

இவ்வளவு ஜெயித்தும் மாமாவின் வேலை தற்காலிகம்தான். சேலத்தில் நடக்கும் ஃபைனலையும் ஜெயித்தால் நிரந்தரம் என்று தாளாளர் வாக்குக் கொடுத்திருந்தார். நிரந்தரமானால்தான் நிக்காஹ் என்று பெண் வீட்டார் சொல்லியிருந்தார்கள். ஆக, மாமாவின் வேலை, கல்யாணம், எனக்கு வரவேண்டிய பட்டுப்பாவாடை எல்லாம் அந்த ஓர் ஆட்டத்தை நம்பி இருந்தன. எனக்கு எட்டு வயது. அழுது அடம்பிடித்து நானும் வேனில் ஏறிவிட்டேன்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த சமயம். சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். வழி திறந்துவிட்டது என்று யாரோ சொன்னதை நம்பிக் கிளம்பினோம். வேனில் ஒருவருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. ஒருவன் பூட்ஸ் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான். மாமா கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், வெளியே பார்ப்பார், மறுபடியும் கடிகாரத்தைப் பார்ப்பார்.

சின்னசேலத்துக்கு முன்னாலேயே ஒரு புளியமரம் சாலையை அடைத்துக்கொண்டு கிடந்தது. சுற்றிலும் ஆட்கள். அவர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே வந்தார். எங்கள் சென்டர் ஃபார்வர்டின் சொந்த அண்ணன்.

"இன்னா மாஸ்டர், ஃபைனலுக்கா? போங்க, போங்க. கப்போட வாங்க. ஓரமா வழி வுடச் சொல்றேன்."

எனக்கு உயிர் வந்தது. அவர் வேனுக்குள் தலையை நீட்டி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசி இருக்கையில் கோல் கீப்பர் அண்ணன் இருந்தார். வழியெல்லாம் எனக்குக் கடலை மிட்டாய் கொடுத்துக்கொண்டு வந்தவர்.

"காலனிப் பையன் மட்டும் எறங்கிக்கட்டும். மத்தவங்க போலாம்."

"அவன் என் டீம் ஆளு," என்றார் மாமா.

"பாய், இதுல உங்களுக்கு இன்னா இருக்குது? நீங்கன்றதாலதான் வழியே வுடறோம்."

கோல் கீப்பர் அண்ணனே பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "நான் நடந்தே வூட்டுக்குப் போய்ட்றேன் சார். இன்னொரு கீப்பர் கீறான் இல்ல? நீங்க போங்க. உங்க வேலை சார்..."

"உக்கார்றா," என்றார் மாமா. பிறகு டிரைவரிடம், "வண்டியத் திருப்புங்க."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. வழிதான் விடுகிறார்களே, இந்த மனிதருக்கு என்ன கேடு என்று அவர் முதுகில் குத்திக்கொண்டே வந்தேன். அவர் என்னைத் தடுக்கவில்லை. சென்டர் ஃபார்வர்டு ஊர் வரும்வரை தலையைத் தூக்கவேயில்லை. வேன் நின்றதும் மாமா சொன்னது ஒன்றுதான்: "காலையில எப்பவும்போல கிரவுண்டுக்கு வந்துடுங்க."

சேலத்து அணி ஆடாமலே கோப்பையை வாங்கிக்கொண்டது. அந்த வருஷத்தோடு மாமாவின் வேலை போனது. பெண் வீட்டார் வேறு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டார்கள். மாமா தன் அக்கா புருஷனின், அதாவது என் அத்தாவின், இரும்புக்கடையில் ஆணி நிறுத்துப் போட்டார். அவர் கோச்சாக இருந்து தோற்ற ஃபைனல் அது ஒன்றுதான்.

ஆனால் இதெல்லாம் பின்னால் நடந்தவை. மறுநாள் காலையில் நானும் கிரவுண்டுக்குப் போனேன். எல்லோரும் வந்திருந்தார்கள். சென்டர் ஃபார்வர்டும் வந்திருந்தான். போகக் கூடாதென்று அவனுடைய சொந்த அண்ணன் அறைந்ததில் ஒரு கன்னம் வீங்கியிருந்தது. அவன் பந்தை உதைக்க, கோல் கீப்பர் அண்ணன் பாய்ந்து பிடித்தார். மறுபடி உதைத்தான், மறுபடி பிடித்தார். கோட்டுக்கு வெளியே நின்ற மாமா, கோப்பையோடு வந்த நாட்களில்கூட நான் பார்த்திராத மாதிரி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். தோற்றுவிட்டு வந்து இப்படியா சிரிப்பது என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.