ஊசிக்கு ஏழு விரிப்பு

எங்கள் வார்டு ஆயாவுக்குச் 'சுருக்கு' என்று பட்டப்பெயர். பேச்சு அப்படித் தைக்கும். இருபத்தாறு வருஷம் ஒரே வார்டில் வேலை பார்த்தோம். நான் சிஸ்டர், அவர் விரிப்பு மாற்றுகிறவர்.

ஐந்தாம் மாதத்தில் கருவைக் கலைக்க வேண்டிய பெண்கள் எங்களிடம் வருவார்கள். குழந்தைக்கு மண்டையோடு வளர்ந்திருக்காது. இல்லையென்றால் தாயின் இதயம் தாங்காது. வலி வரவழைக்க இரண்டு புரோஸ்டாகிளாண்டின் மருந்துகள் இருந்தன. ஒன்று ஊசி, மற்றது உள்ளே வைக்கும் மாத்திரை. இனி எதைக் கொடுப்பது என்று முடிவு செய்ய, பெரிய டாக்டர் அறுபது பெண்களிடம் இரண்டையும் ஒப்பிட்டார்.

ஒவ்வொரு பெண்ணுக்கும் நிரப்பிய படிவத்தில் எத்தனை மணி நேரம் என்பதற்குக் கட்டம் இருந்தது, ரத்தப்போக்குக்கு இருந்தது. மருந்தால் வரும் வாந்தி பேதிக்கு இல்லை. நிரப்பியவள் நான், நானும் கேட்கவில்லை.

கடைசிக் கூட்டத்தில் டாக்டர், "ரெண்டும் ஒரே நேரம்தான் எடுக்குது. பழகின ஊசியே இருக்கட்டும்" என்றார். அப்போது ஆயா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கையில் சலவைச் சீட்டுக் கட்டு. ஒவ்வொரு அழுக்கு விரிப்பையும் தேதி, படுக்கை எண் எழுதித்தான் சலவைக்கு அனுப்புவோம்.

"உன்னை யாரும்மா உள்ள விட்டது?"

"என் காலுதான் சார். ஊசி போட்ட பொண்ணுக்கு ஏழு விரிப்பு. மாத்திரை வச்சவளுக்கு ரெண்டு. ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?"

"மாத்திரைக்குக் குளிர் காய்ச்சல் வருதே?"

"வருது. கம்பளியப் போத்துனா அடங்குது. பேதிக்கு எதைப் போத்துறது?"

யாரோ சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. "விரிப்ப எண்ணுறது மருத்துவம் இல்லம்மா."

"நாலாம் படுக்கைப் பொண்ணு புள்ளையையும் பறிகொடுத்துட்டு, நாள் பூரா பேதியில கெடந்து, வெக்கத்துல என் மூஞ்சியப் பாக்காம அழுதா. அது எதுல சேர்த்தி?"

டாக்டர் மேசையைக் காட்டினார். "சரி, வச்சிட்டுப் போ. அப்புறம் பாக்குறேன்."

"மாட்டேன். என் கண்ணு முன்னால எண்ணுங்க." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டாக்டர்கள் மட்டுமே உட்காரும் நாற்காலி அது.

நான் எழுந்து படிவங்களை எடுத்தேன். சீட்டையும் படிவத்தையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்க மத்தியானம் ஆகிவிட்டது. அவர் சொன்ன எண்ணிக்கை பிசகவில்லை. அடுத்த வாரம் வார்டுக்கு மாத்திரை வந்தது.

கூடவே ஆயாவுக்கு ஒரு மெமோ: கூட்டத்தில் நுழைந்து உட்கார்ந்ததற்கு விளக்கம் வேண்டுமாம். அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன்.

"உக்காந்தது தப்புன்னா, அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடுங்க. நின்னுக்கிட்டே பேசறேன்."