நிறுத்து என்றால் நிற்க வேண்டும்

அமராவதிபுதூர்ப் பக்கம் ஒரு கொட்டகையில் வற்றல் மிளகாய் தரம் பிரிக்கும் இயந்திரம் இருக்கிறது. மிளகாய் பெல்ட்டில் ஓடும், கேமரா பார்க்கும், சொத்தையைக் காற்று ஊதித் தள்ளும். அதன் கணினியில், இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் இருந்து இயந்திரத்தை ஓட்டும் டிரைவர் நிரலை எழுதியவன் நான். காரைக்குடியில் என் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து எழுதினேன். எழுதி முடித்தபோது கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அந்த நிரலுக்குள் கட்டளைகள் ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குக் கைமாறிப் போகும். 'இங்கே ஊது', 'அங்கே ஊது' என்பவை சாதாரணச் செய்திகள். வந்த முறைப்படி நின்று போகும். 'நிறுத்து' என்பது கட்டுப்பாட்டுச் செய்தி. அதை முன்னுரிமை வகையில் அனுப்பினால் மற்றதையெல்லாம் தாண்டி முன்னால் போய்விடும்.

போன மாதம் ஒரு காலையில் வேறு எதற்கோ பழைய கோப்பைத் திறந்தபோது அந்த வரி கண்ணில் பட்டது. 'நிறுத்து' என்பதையும் சாதாரண வகையிலேயே அனுப்பியிருந்தேன். என் மேசையில் சோதித்தபோது வரிசை காலியாகக் கிடந்தது, தொட்டவுடன் நின்றது. கொட்டகையில் மிளகாய் நிறைய ஓடும்போது அதற்கு முன்னால் நூற்றுக்கணக்கான 'ஊது'கள் நிற்குமே. அவை முடியும்வரை பெல்ட் ஓடும்.

அந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வது ஒரு அக்கா. பெல்ட்டில் காம்பு சிக்கினால் திரையில் 'நிறுத்து' என்பதைத் தொட்டுவிட்டு, கையை உள்ளே விட்டு எடுப்பார். அப்படிச் செய்யச் சொன்னதே நான்தான். மின்சாரத்தை அடியோடு துண்டிக்கிற சிவப்புப் பொத்தான் பக்கத்திலேயே உண்டு. அதை அமுக்கினால் மறுபடி ஓட்ட அரை மணி நேரம் ஆகும், அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்ன மேதாவியும் நான்தான்.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. அந்த இரைச்சலில் கேட்காது என்று தெரிந்தும் ஐந்து முறை அடித்தேன். பிறகு வண்டியை எடுத்தேன். வழி நெடுக அவருடைய வலது கை மட்டுமே கண்ணுக்குள் நின்றது. எதிரே வந்த பஸ்காரர் தலையை வெளியே நீட்டித் திட்டினார். நியாயமான திட்டு.

கொட்டகைக்குள் நுழைந்ததும் நெடி தொண்டையைப் பிடித்தது. பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அதன் அருகே நின்றிருந்தார். இரண்டு கைகளும் இருந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மிளகாய் நெடி என்று நினைத்திருப்பார்.

"என்ன தம்பி, இம்புட்டு வேகமா வாரீக?"

"அக்கா, மொதல்ல அந்தச் சிவப்புப் பொத்தான அமுக்குங்க. திரையில தொட்டா உடனே நிக்காது. நான் தப்பா எழுதிட்டேன்."

அமுக்கினார். பெல்ட் நின்றது. அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"அது எனக்குத் தெரியுமே தம்பி. தொட்டுட்டு அஞ்சு எண்ணித்தான் கைய விடுவேன். சரக்கு கூட ஓடுற அன்னைக்குப் பத்து. புதுசா வேலைக்கு வர்றவுகளுக்கும் மொத அதத்தான் சொல்லிக் குடுக்குறது."

"எத்தன நாளாக்கா இப்படி?"

"மிசினு வந்த நாள்லேருந்து. படிச்சவுக செஞ்சது, இப்படித்தான் இருக்கும்போலன்னு நெனச்சுக்கிட்டோம்."