ராஜகிரிச் சுனையும் ஜப்பான் படமும்

இன்று காலை தொண்டூர் பஸ்ஸில், எங்கள் வேர்க்கடலை நிலத்துக்கு மல்லாட்டை பிடுங்க வரும் காலனிப் பெண் ஸ்டெல்லா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நேற்று டூரிங் டாக்கீஸில் பார்த்த ஜப்பான் படத்தைப் பற்றியே பேச்சு. கடல் பொங்கி உலகம் மூழ்குகிறது. எல்லா நாட்டாரும் கூடி யோசிக்கும் கூட்டத்தில் தலைப்பாகையோடு இந்தியர் ஒருவரைக் காட்டியதும் கொட்டகையே கைதட்டியது.

"நம்மாளு ஒரு வார்த்தகூட பேசலியேம்மா!" என்றாள்.

ஜன்னலுக்கு வெளியே செஞ்சிக்கோட்டையின் ராஜகிரி மலை பனியில் கப்பல்போல மிதந்தது.

"அந்த வெள்ளம் இங்க வந்தா எல்லாரும் மலைமேல ஏறிக்கலாம்," என்றேன், கனவில் இருப்பவளாக.

ஸ்டெல்லா சிரித்தாள். "ஏறிக்கலாம்மா. மேல சுனை இருக்குதே, அதுல எங்கள தண்ணி மொள்ள உடுவீங்களா?"

செஞ்சி வரும்வரை நானும் அந்தத் தலைப்பாகைக்காரரைப் போலவே உட்கார்ந்திருந்தேன்.

நீங்களாவது வாய் திறந்திருப்பீர்களா?